முடிவுக்கு முன்னே மனு: ஜொகூர் பிள்ளைகளும் பல்கலைக்கழக வாசலும்

மலேசியத் தமிழர்கள் பல்கலைக்கழக இடங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு விரைவில் இன ஒதுக்கீடான கோட்டாவில் வந்து நிற்கும். அரை நூற்றாண்டாக அப்படித்தான். மருத்துவத்தில் நம் பிள்ளைகள் எத்தனை பேர், சட்டத்தில் எத்தனை பேர் என்ற கணக்கு நாளிதழ்களிலும் நாடாளுமன்றத்திலும் திரும்பத் திரும்ப எழுகிறது. எழ வேண்டிய கணக்குதான். ஆனால் அதன் நிழலில் இன்னொரு விதித்தொகுப்பு அதிகம் கவனிக்கப்படாமலேயே வளர்ந்து வந்திருக்கிறது. மனு எந்த நாளில் திறக்கிறது, எந்த நாளில் மூடுகிறது, ஒரே நேரத்தில் எத்தனை பல்கலைக்கழகங்களைக் கேட்கலாம், கேட்பதை எந்த வரிசையில் எழுத வேண்டும், ஓர் இடம் கிடைத்தால் மற்றவற்றை மறந்துவிட வேண்டுமா, மதிப்பெண் தெரிவதற்கு முன்பு கேட்க வேண்டுமா பின்பா என்பவை அந்தத் தொகுப்பில் அடங்கும். இவற்றை வெறும் அலுவலக நடைமுறை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஜொகூரின் வரலாற்றை வைத்துப் பார்த்தால், இந்த நாள்களும் வரிசைகளும் கோட்டாவுக்குச் சற்றும் குறையாமல் பிள்ளைகளின் வாழ்க்கையைத் தீர்மானித்திருக்கின்றன என்றே எனக்குத் தோன்றுகிறது. எந்த நாளில் எதைக் கேட்க வேண்டும் என்பதை முன்கூட்டியே அறிந்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தேர்வு. அறியாத வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு தேர்வு. இரண்டாவது தேர்வுக்குப் பாடநூலும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது.

ஜொகூரை எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 1949 அக்டோபரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அது கோலாலம்பூரில் பிறக்கவில்லை. சிங்கப்பூரில், ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் இணைத்துத் தோற்றுவிக்கப்பட்டது. மலாயா, சிங்கப்பூர் இரண்டுக்கும் அது ஒன்றே. பினாங்கிலிருந்தோ ஈப்போவிலிருந்தோ போகிறவர்களுக்கு அது இரவு முழுதும் ரயிலில் போகவேண்டிய தொலைவு. ஜொகூர் பாரு பிள்ளைக்கோ பாலத்தைக் கடந்தால் போதும். அந்நாளில் பல்கலைக்கழகம் ஒன்றே என்பதால் வரிசைப்படுத்தும் சிக்கலும் இல்லை. தகுதி இருந்தால் கேட்பது, இல்லையேல் விடுவது, அவ்வளவுதான். தகுதியைத் தந்தது கேம்பிரிட்ஜ் தேர்வு. விடைத்தாள்கள் கடல் கடந்து போய்த் திருத்தப்பட்டு முடிவு திரும்பி வரும்வரை மாணவர் காத்திருக்க வேண்டும். அந்தத் தேர்வை எழுத ஆங்கிலப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஜொகூர் பாருவில் 1914இல் தொடங்கிய இங்கிலீஷ் காலேஜ் போன்ற பள்ளிகள் நகரத்தில் இருந்தன. ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய், சிகாமட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்தது. ஆகவே பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகம் பால்மரக் காட்டுக்குள் வாழ்ந்த குடும்பங்களுக்குப் பக்கத்தில் இருந்ததாகச் சொல்ல முடியாது. நகரத்தில் கிராணியாகவோ ஆசிரியராகவோ அரசாங்க ஊழியராகவோ இருந்தவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும்தான் அது பக்கம்.

அந்த அண்மையும் நீடிக்கவில்லை. 1959இல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர்ப் பிரிவு, கோலாலம்பூர்ப் பிரிவு என இரண்டாயிற்று. 1962 சனவரியில் கோலாலம்பூர்ப் பிரிவு தனி மலாயாப் பல்கலைக்கழகமானது. தெற்கில் இருந்தது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்தபோது ஜொகூர்ப் பிள்ளைகளின் கண்ணுக்கெதிரே இருந்த பல்கலைக்கழகம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகமாகிவிட்டது. சொந்த நாட்டுப் பல்கலைக்கழகமோ முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. இன்றுவரை ஜொகூர் குடும்பங்களில் நடக்கும் உயர்கல்விப் பேச்சில் இந்த இரட்டைத் தன்மை இருக்கிறது. வடக்கே ஒரு நாள்காட்டி, தெற்கே ஒரு நாள்காட்டி. இரண்டையும் படிக்கத் தெரிந்தவருக்கு வாசல் இரண்டு. ஒன்றையே அறிந்தவருக்கு ஒன்றுதான்.

வடக்கு நாள்காட்டி சிக்கலானது 1969க்குப் பிறகு. அந்த ஆண்டில் பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1970இல் தேசியப் பல்கலைக்கழகம். 1971இல் வேளாண்மைப் பல்கலைக்கழகம். 1972இல் பல்கலைக்கழகத் தகுதி பெற்ற தேசியத் தொழில்நுட்பக் கழகம், 1975இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. ஒன்று ஐந்தாகியது. 1969 மே மாத இனக் கலவரத்துக்குப் பின் அமைந்த தேசிய நடவடிக்கை மன்றம் நியமித்த மஜித் இஸ்மாயில் குழு 1971இல் தன் அறிக்கையைத் தந்தது. மாணவர்களின் இன விகிதம் பல்கலைக்கழகம் முழுவதற்கும் மட்டுமன்றித் துறைதோறும் நாட்டு மக்கள்தொகையை ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரை. அதே ஆண்டு அரசமைப்பில் 153ஆம் பிரிவுக்குள் 8ஏ என்னும் உட்பிரிவு சேர்ந்தது. தகுதியுடையோர் தொகையைவிட இடங்கள் குறைவாக இருந்தால், இடங்களை ஒதுக்கும்படி பல்கலைக்கழகங்களுக்கு உத்தரவிட அது வழிவகுத்தது. துறைவாரியாக, இனவாரியாக ஒதுக்க வேண்டுமென்றால் ஐந்து பல்கலைக்கழகங்களும் தனித்தனியே மனுக்களை வாங்கிக்கொண்டிருக்க முடியாது. எல்லா மனுக்களும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும். யுனிட் பூசாட் யுனிவர்சிட்டி, சுருக்கமாக யுபியு என்று நாம் அழைக்கும் மையப் பிரிவு அந்தத் தேவையில் உருவானது.

ஆனால் மையப் பிரிவை ஒதுக்கீட்டின் கருவி என்று மட்டும் சொல்லிவிட்டால் உண்மையில் பாதி போய்விடும். பிரிட்டனில் எந்த இனக் கணக்கும் இல்லாமலேயே 1961இல் யுசிசிஏ என்னும் மைய அமைப்பை ஏற்படுத்தினார்கள். இன்றுள்ள யூகேஸ் அமைப்பின் தாய் அதுவே. ஒரே மாணவர் பல பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனியே எழுத, எல்லாமே இடம் தர, அவர் ஒன்றில் சேர, மற்ற இடங்கள் கடைசி நேரத்தில் காலியாகிப்போன குழப்பம் அங்கே பெரிதாகியிருந்தது. ஐந்து பல்கலைக்கழகங்கள் ஆன எந்த நாட்டிலும் அந்தக் குழப்பம் வரும். ஆகவே யுபியு இரண்டு வேலைகளை ஒன்றாகச் செய்தது: ஒதுக்கீட்டை நடத்தியது, குழப்பத்தையும் தவிர்த்தது. முதல் வேலையின்மீது நமக்கிருந்த கோபம் இரண்டாவது வேலையின் நுணுக்கங்களைக் கவனிக்க விடவில்லை.

அந்த நுணுக்கம் மனுவிலேயே இருக்கிறது. வரிசையாகக் கட்டங்கள், முன்பு எட்டு, இப்போது பன்னிரண்டு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஒரு படிப்புக்குரிய குறியீடு: இரண்டு எழுத்து, அதை அடுத்து நீளமாக இலக்கங்கள். ஓர் இலக்கம் மாறினால் வேறு படிப்பு. இணையத்துக்கு மாறிய 2000-களில் மனுவுக்குள் நுழையவே பேங்க் சிம்பானான் நேஷனலில் பணம் கட்டி ஒரு பின் எண் வாங்க வேண்டியிருந்தது. விண்ணப்பக் காலம் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே தொடங்கிவிடும். தனக்கு என்ன புள்ளி வரும் என்று தெரியாத பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளை, எதை முதலாவதாக எழுதுவது, எதைக் கடைசியில் எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டும். பன்னிரண்டு கேட்டாலும் கிடைப்பது ஒன்றே. இரண்டு இடம் தந்து பொறுக்கிக்கொள் என்று யுபியு சொல்வதில்லை. குறித்த நாளுக்குள் ஏற்காவிட்டால் அதுவும் போய்விடும். பிறகு மிஞ்சுவது மேல்முறையீடு. சில படிப்புகளுக்கு நேர்முகத்தேர்வு உண்டு என்பதும், ஆங்கில மொழித்திறன் தேர்வான மூவெட்டில் இன்ன நிலை வேண்டும் என்பதும் வழிகாட்டி நூலில் சிறு எழுத்தில் இருக்கும்.

வரிசைப்படுத்திக் கேட்பதற்கு எது நேர்மையான முறை என்பதைக் கணித அறிஞர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். டேவிட் கேல், லாயிட் ஷாப்லி இருவரும் 1962இல் எழுதிய கட்டுரை கல்லூரி அனுமதியைப் பற்றியதுதான். அந்த வழியில் நடந்த ஆய்வுகளுக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012இல் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் காட்டிய செய்தி எளியது. மாணவர் தன் மனத்தில் உள்ள வரிசையை அப்படியே எழுதினாலும் எந்த இழப்பும் வராதபடி இடங்களைப் பிரிக்க முடியும். ஆனால் முதல் தேர்வாக எழுதியவர்களையே முதலில் நிரப்பிவிட்டுப் பிறகு இரண்டாம் தேர்வுக்குப் போகும் முறையில், உண்மை விருப்பத்தை எழுதுகிறவர் ஏமாறுவார். யாருக்கு எங்கே இடம் கிடைக்கும் என்று முன்பே மோப்பம் பிடிக்கத் தெரிந்தவர் பிழைப்பார். பாஸ்டன் நகரப் பள்ளிகளில் இருந்த இந்த இரண்டாம் வகை முறையை 2005இல் கைவிட்டதே இந்தக் காரணத்தால்தான். கட்டங்களை நிரப்பும் மாணவர் அந்தப் படிவத்தைப் பார்த்து அது எந்த வகை என்று கண்டுகொள்ள முடியாது. அதனால்தான் மருத்துவத்தை முதலில் போடு, இல்லாவிட்டால் கிடைக்காது என்று ஒரு பக்கமும், பெரியதை முதலில் போட்டு இருப்பதையும் இழக்காதே என்று மறுபக்கமும் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ மாணவர்களுக்கு அறிவுரை குவிகிறது. தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் முதலில் தரவரிசை வரும். அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று கண்ணால் பார்த்து மாணவர் தேர்ந்தெடுப்பார். 2018இல் அது இணையத்துக்குப் போனபின்னும் தரவரிசை முன்னே, விருப்பம் பின்னே என்ற ஒழுங்கு மாறவில்லை. சிவகங்கையிலிருந்து வரும் விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒழுங்கு எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது, அது இல்லாத இடத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும்.

ஜொகூருக்குத் திரும்புவோம். 1985இல் ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பெரிய வளாகம் திறக்கப்பட்டது. ஆயிரம் ஹெக்டருக்கு மேற்பட்ட நிலம். கூலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் நடுவே, தோட்டங்கள் சூழ்ந்த பகுதியில் பொறியாளர்களை உருவாக்கும் கூடம் எழுந்தது. பின்னர் பத்து பகாட் பக்கம் பாரிட் ராஜாவில் 1993இல் தொடங்கிய பயிற்சி நிலையம் வளர்ந்து 2007இல் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமானது. சிங்கப்பூர் அந்நியமான பின் ஜொகூர் இழந்த அண்மை திரும்பி வந்ததாக அப்போது நினைத்திருக்கலாம். ஆனால் மையச் சேர்க்கையில் ஊர் என்பதற்கு இடமில்லை. ஸ்கூடாய்ப் பிள்ளை ஸ்கூடாயைக் கேட்டால் நாடு முழுவதிலுமிருந்து கேட்பவர்களோடு வரிசையில் நிற்க வேண்டும். கிடைக்காமல் போனால், பட்டியலின் கீழ்க்கட்டத்தில் யோசிக்காமல் எழுதிய ஒரு குறியீடு அவரை ஏறத்தாழ எண்ணூறு கிலோமீட்டர் தள்ளிக் கெடாவின் சிந்தோக்குக்கோ, கடல் தாண்டிச் சரவாக், சபாவுக்கோ அனுப்பும். தோட்டத்தில் அம்மா மட்டும் சம்பாதிக்கிற வீட்டில், பெண்பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்குகிற வீட்டில், அந்த இடம் மறுக்கப்படும். மறுத்தால் வேறு இடம் இல்லை. இந்தியர்கள் கொடுத்த இடத்தையே ஏற்பதில்லை என்ற குற்றச்சாட்டை அவ்வப்போது கேட்கிறோம். ஒரே வாய்ப்பை மட்டும் தருகிற விதியின் விளைவை மாணவரின் அலட்சியமாகப் படிக்கும் பிழை அதில் இருக்கிறது.

இங்கே பெரிய மறுப்பு ஒன்று எழும். நாள், வரிசை, கட்டம் என்று பேசுவது அசல் காரணத்தை மறைப்பதாகும்; இடம் மறுக்கப்பட்டது கோட்டாவால்தானே? நியாயமான கேள்வி. மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்ரா, சீனர், இந்தியர் என 55:35:10 என்று பொதுவாகச் சொல்லப்படும் பங்கீடு பலரின் வாசலை மூடியது உண்மை. சீன சமூகம் மெர்டேக்கா பல்கலைக்கழகம் கேட்டு நீதிமன்றம் வரை போய் 1982இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தோற்றதும் அந்தக் காலத்தின் இறுக்கத்தைக் காட்டுகிறது. ஆனால் 2002இல் கோட்டா நீக்கப்பட்டுத் தகுதி அடிப்படை வந்தது. கோட்டாதான் ஒரே காரணம் என்றால் அந்த ஆண்டு இந்திய மாணவர்களின் விழுக்காடு உயர்ந்திருக்க வேண்டும். பங்கீட்டில் பத்து என்று இருந்த இடத்தில், புதிய முறையின் முதல் ஆண்டில் ஏறத்தாழ ஐந்துதான் வந்தது. தகுதிப் புள்ளி என்பது தேர்வுக்குத் தொண்ணூறு, புறப்பாடத்துக்குப் பத்து என்ற கூட்டல். அந்தத் தொண்ணூறை ஒருவர் ஆறாம் படிவ இறுதித் தேர்வான எஸ்டிபிஎம் வழியாகவும் பெறலாம், அரசாங்கத்தின் முன்பல்கலைக்கழகப் படிப்பான மெட்ரிகுலேஷன் வழியாகவும் பெறலாம். இரண்டும் வெவ்வேறு தேர்வுகள், வெவ்வேறு கால அளவுகள், ஆனால் ஒரே அளவுகோல். மெட்ரிகுலேஷனின் பத்து விழுக்காடு பூமிபுத்ரா அல்லாத இனத்தவருக்குத் திறக்கப்பட்டதே 2003இல்தான். 2004இல் எஸ்டிபிஎம் தேர்வில் முழுப் புள்ளியான 4.0 பெற்ற 128 பேருக்கு மருத்துவ இடம் கிடைக்காமல் நாடே பேசியது. அரசு தலையிட்ட பின்பே வழி பிறந்தது.

அந்த 128 பேர் எங்கே தோற்றார்கள்? தேர்வில் அல்ல. மதிப்பெண்ணில் அவர்களுக்கு மேலே போக இடமே இல்லை. பதினேழு வயதில், ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்பிஎம் முடிந்த கையோடு எடுத்த வழியிலேயே அவர்களின் நிலை பாதி தீர்மானமாகிவிட்டது. அந்த வயதில் பலருக்கு வேறு வழியும் திறந்திருக்கவில்லை. மெட்ரிகுலேஷனுக்கு யுபியு அல்லாத தனி மனு, தனி நாள். படிப்பு ஓராண்டு. ஆறாம் படிவம் ஒன்றரை ஆண்டு. அரசாங்கம் 2012இல் இந்திய மாணவர்களுக்கென 1,500 மெட்ரிகுலேஷன் இடங்களை அறிவித்தபோது நாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டோம். எத்தனை நிரம்பின என்று ஆண்டுதோறும் வாதிட்டோம். 2019இல் மொத்த இடங்கள் 25,000லிருந்து 40,000ஆக உயர்ந்தபோதும் 90:10 விகிதம் அப்படியே இருக்கிறதே என்று வருந்தினோம். வாதமும் வருத்தமும் தேவைதான். ஆனால் இடம் எந்த மாதத்தில் அறிவிக்கப்படுகிறது, அதற்குள் பிள்ளை வேறு கல்லூரியில் முன்பணம் கட்டிவிட்டதா, ஆறாம் படிவத்தில் சேர்ந்து சீருடை தைத்துவிட்டதா, கிடைத்த கல்லூரி எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பவையும் அந்த இடம் நிரம்புமா என்பதைத் தீர்மானிக்கின்றன. 2024 சூனில் எஸ்பிஎம்மில் பத்து ஏ-வும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி என்று பிரதமர் அறிவித்தார். அதன் பெருமதிப்பு ‘உறுதி’ என்ற அந்தச் சொல்லில் இருக்கிறது. முடிவு வந்த நாளிலேயே தன் நிலை என்னவென்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது; ஊகிக்க வேண்டியதில்லை. பத்து ஏ எடுக்காத பெரும்பாலோருக்கு ஊகம் தொடர்கிறது.

ஜொகூர்ச் சீன சமூகம் இந்த ஊகத்திலிருந்து தன்னை எப்படி விடுவித்துக்கொண்டது என்பதைப் பார்ப்பது பயன் தரும். ஜொகூர் பாருவின் பூன் யூ உயர்நிலைப்பள்ளி நாட்டின் மிகப் பெரிய சீனத் தனியார் பள்ளிகளுள் ஒன்று. இப்பள்ளிகளுக்காக 1975 முதல் நடக்கும் யுஇசி தேர்வை அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பொதுவாக ஏற்றதில்லை. யுபியு வாசல் அடைபட்டதால் அவர்கள் தைவான், சிங்கப்பூர் நாள்காட்டிகளைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். 1990இல் சதர்ன் கல்லூரியைத் தாங்களே எழுப்பினார்கள். எந்தப் பல்கலைக்கழகம் எப்போது மனு வாங்கும் என்பதை ஒவ்வொரு வீடும் தனித்தனியே கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கே அது தெரியும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் எஸ்டிபிஎம் தேர்ச்சியையும் ஏற்கிறது. அங்கே கல்விக்கட்டண மானியம் வாங்கினால் மூன்றாண்டு அந்நாட்டில் வேலை செய்ய ஒப்பந்தம் எழுத வேண்டும். பாலத்தைக் கடந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போகும் ஜொகூரில் அந்த ஒப்பந்தம் பெரிய தண்டனையல்ல. ஆயினும் நம் பிள்ளைகளில் இதை ஒரு வழியாகவே எண்ணாமல் விட்டவர்கள் ஏராளம்.

நம் சமூகம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். ஸ்ரீ முருகன் நிலையம் 1982 முதல் தேர்வுக்குத் தயார்செய்யும் வகுப்புகளை நாடெங்கும், தோட்டப்புறப் பிள்ளைகளை எட்டும்படி நடத்திவந்திருக்கிறது. எம்ஐஇடி என்னும் கல்வி நிறுவனம் கடனுதவி தந்தது. கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் 2001இல் எழுந்தது. ஆனால் இவற்றின் முழுக் கவனமும் மதிப்பெண்ணிலும் பணத்திலும் இருந்தது. மனுவின் நாள்காட்டியைக் கற்றுத்தரும் பொறுப்பு யாருக்கும் முறையாகப் போய்ச் சேரவில்லை. அந்த வெற்றிடத்தில் நுழைந்தவர்கள் முகவர்கள். யுபியு கைவிட்ட பிறகு, மற்ற நாள்கள் எல்லாம் கடந்த பிறகு, இன்னும் திறந்திருக்கும் வாசல் எதுவோ அதற்குப் பிள்ளைகள் அனுப்பப்பட்டார்கள். இந்தியாவின் மணிப்பால் போன்ற நல்ல இடங்களுக்குப் போய் மருத்துவரானோர் பலர். கிரைமியாவுக்குப் போனவர்களும் உண்டு. 2005இல் கிரைமிய மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு மலேசிய அரசு அங்கீகாரத்தை நிறுத்தியபோது அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் இந்தியக் குடும்பங்களே. வீட்டை அடகு வைத்து அனுப்பியவர்கள் இருந்தார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காலம் கடந்து கேட்கிறவருக்கு மலிவான வாசலும் நல்ல வாசலும் ஒருசேரக் கிடைப்பதில்லை என்பதே அதில் நான் காணும் பாடம்.

அப்படியானால் ஒற்றைச் சாளரத்தை உடைத்துவிட்டு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் விருப்பப்படி மனு வாங்கட்டும் என்று சிலர் சொல்வார்கள். அமெரிக்காவைப் பார்த்தால் அந்த ஆசை அடங்கிவிடும். அங்கே பல கல்லூரிகள் நவம்பரிலேயே முன்கூட்டி மனு வாங்குகின்றன. அவற்றில் ஒரு வகை, இடம் தந்தால் வேறெங்கும் போகமாட்டேன் என்று மாணவர் எழுத்தில் கட்டுப்பட வேண்டியது. அப்படிப்பட்ட மனுவை ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் தரலாம். கிறிஸ்டபர் ஏவரி உள்ளிட்ட மூவர் பதினான்கு கல்லூரிகளின் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்களை அலசி 2003இல் ஒரு நூல் எழுதினார்கள். முன்கூட்டி மனு செய்வது மட்டுமே சாட் என்னும் கல்லூரி நுழைவுத் தேர்வில் நூறு புள்ளி கூடுதலாக எடுத்ததற்கு நிகரான பலனைத் தருகிறது என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. உதவித்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஏழைக் குடும்பத்தால் முன்கூட்டியே கட்டுப்பட முடியாது. ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் இந்த அநீதியைச் சொல்லி 2006இல் முன்சேர்க்கையை நிறுத்துவதாக அறிவித்தன. மற்றவை பின்தொடராததால் 2011இல் திரும்பக் கொண்டுவந்தன. பிரிட்டனில் மருத்துவத்துக்கும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜுக்கும் அக்டோபர் நடுவிலேயே மனு மூடிவிடும். அவ்விரண்டில் ஒன்றைத்தான் ஓர் ஆண்டில் கேட்கலாம். ஐந்து கட்டங்களில் மருத்துவத்துக்கு நான்கை மட்டுமே பயன்படுத்தலாம். 2012இல் இஸ்கந்தர் புத்திரியில் திறந்த மார்ல்பரோ கல்லூரி போன்ற பன்னாட்டுப் பள்ளியில் இவை எல்லாம் பாடத்திட்டத்தைப்போல் மாணவருக்குச் சொல்லித்தரப்படும். சற்றுத் தொலைவில் உள்ள அரசாங்கப் பள்ளியின் ஆறாம் படிவத்தில் அக்டோபர் என்பது எஸ்டிபிஎம் பாடத்தை முடிக்கும் கவலைக்குரிய மாதம் மட்டுமே. ஆகவே மைய மனுவை நான் எதிர்க்கவில்லை. ஒரே படிவம், ஒரே நாள் என்பது ஏழை வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய காப்பு. அந்தப் படிவத்துக்குள் ஊகத்துக்கு எவ்வளவு இடம் விடுகிறோம் என்பதே என் கேள்வி.

எல்லாம் இப்போது கைப்பேசியில் இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாமே என்றும் கேட்கலாம். நிலைமை முன்னேறியிருக்கிறது, மறுக்கவில்லை. முடிவு வந்தபின் கட்டங்களைத் திருத்திக்கொள்ள அண்மை ஆண்டுகளில் யுபியு சில நாள் தருகிறது. ஒவ்வொரு படிப்புக்கும் சராசரித் தகுதிப் புள்ளியையும் தளத்தில் காட்டுகிறது. இவ்விரண்டும் ஊகத்தைக் கணிசமாகக் குறைத்த மாற்றங்கள். முடிவுக்கு முன் மனு என்ற பழைய கொடுமையின் கூர் இதனால் மழுங்கியிருக்கிறது. ஆனால் திருத்தும் நாள்கள் சிலவே. அந்தச் சில நாளுக்குள், முடிவின் மகிழ்ச்சியோ அதிர்ச்சியோ அடங்குவதற்குள், தன் புள்ளியைப் பன்னிரண்டு சராசரிகளோடு ஒப்பிட்டு வரிசையை மாற்ற ஒருவர் பக்கத்தில் இருந்து உதவ வேண்டும். ஜொகூரில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆறாம் வகுப்போடு பிள்ளையைக் கைகழுவாமல், படிவம் ஐந்து வரை பின்தொடர்ந்து இந்த நாள்களை நினைவூட்டினால் அதற்குப் பெரிய செலவு இல்லை. பிறப்புப் பத்திரமோ குடியுரிமையோ சிக்கலில் இருக்கும் பிள்ளைகளைப் பதினேழு வயதில் அல்ல, பன்னிரண்டு வயதிலேயே கண்டுகொள்ளவும் அது உதவும். குடியுரிமை இல்லாதவரின் மனுவை யுபியு ஏற்பதே இல்லை.

இன்னொரு மாற்றம் இதற்குள் வந்துவிட்டது. மலாயாப் பல்கலைக்கழகம் யுபியுவுக்கு வெளியே ‘சத்து’ என்ற பெயரில் திறந்த வழிச் சேர்க்கை ஒன்றை நடத்துகிறது. அதே வளாகம், ஆனால் தனி மனு, பன்மடங்கு கட்டணம். 2025இல் எஸ்டிபிஎம் 4.0 பெற்ற ஒருவருக்கு அவர் விரும்பிய கணக்கியல் யுபியு வழியாக அங்கே கிடைக்காமல் போனபோது, அதிகக் கட்டணம் கட்டினால் அதே பல்கலைக்கழகத்தில் படிக்கலாமா என்ற விவாதம் நாடெங்கும் எழுந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் இருபதும் இந்தத் திசையில் நகர்ந்தால், ஜொகூர்ப் பிள்ளை ஒரே ஆண்டில் யுபியு, மெட்ரிகுலேஷன், திறந்த வழிகள், சிங்கப்பூர், தனியார் கல்லூரிகள் என்று ஐந்து நாள்காட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும். ஒன்றை ஏற்றால் மற்றவற்றில் எது ரத்தாகும், எதில் கட்டிய பணம் திரும்பும், எதில் திரும்பாது என்பதை ஐந்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில் சொல்லும் அறிவிப்பு தமிழில் வெளிவர வேண்டும். அடுத்த எஸ்பிஎம் முடிவுக்கு முன்பே அது பெற்றோர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.